வார்னிஷ் பூசிய மரத்தில் விழுந்த பள்ளங்களைக் கிளியர் எபாக்ஸியால் சரிசெய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடும் தொழிலில் இருப்பவரிடம் ஓயாமல் வந்து சேரும் சந்தேகங்கள் சில உண்டு. கதவில் கட்டில் இடித்தது, மேசையில் குழவி விழுந்தது, நாற்காலிக் கையில் நாய் கடித்தது என்று காரணம் மாறுமே தவிர, கேட்கப்படுவது பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னும் சிக்கலானவை பின்னுமாக அமைந்துள்ளன. ஏற்கெனவே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணைச் சுட்டியிருக்கிறேன்.

தொடங்குமுன் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கிளியர் எபாக்ஸி, அதாவது இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் நிறமின்றி இறுகும் பிசின், எதையும் மறைப்பதில்லை. அடியில் இருப்பதைச் சற்றுக் கருமை கூட்டி அப்படியே காட்டும். ஆகவே இந்த வேலையின் பெரும்பகுதி ஊற்றுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

1. தேக்குக் கதவுல கட்டில் கால் இடிச்சுப் பள்ளம் விழுந்துடுச்சு. எபாக்ஸி ஊத்திட்டாப் போதுமா?

பல வேளைகளில் அது தேவையே படாது. மரத்தில் விழும் பள்ளம் இரண்டு வகைப்படும். அடி பட்டு அமுங்கிய பள்ளத்தில் மரம் எதுவும் குறைந்துபோவதில்லை. உள்ளே வெற்றுக் குழல்களாக இருக்கும் நார்கள் நசுங்கிக் கீழே படிந்திருக்கும், அவ்வளவுதான். பெயர்ந்த பள்ளத்திலோ நார் அறுபட்டு ஒரு துணுக்கு போய்விட்டிருக்கும். முதல் வகையை எழுப்பலாம். இரண்டாம் வகையைத்தான் நிரப்ப வேண்டும்.

எந்த வகை என்று அறிய, அறை விளக்கை அணைத்துவிட்டுக் கைபேசியின் டார்ச்சை மரத்தோடு ஒட்டிப் படுக்கைவாட்டில் பிடித்துப் பாருங்கள். மரத்தின் ரேகைகள் பள்ளத்துக்குள் இறங்கி, அறுபடாமல் மறுபக்கம் ஏறினால் அது நசுங்கல். ரேகைகள் விளிம்பிலேயே நின்றுபோய், அடியில் சொரசொரப்பான வெளிறிய மரம் தெரிந்தால் அது பெயர்ப்பு. நடுவில் நசுங்கி ஓரத்தில் சிராய் எழும்பிய கலப்பு வகையும் உண்டு. அதை முதலில் எழுப்பிவிட்டு, எஞ்சிய குழியை மட்டும் நிரப்ப வேண்டும். வார்னிஷ் படலம் மட்டும் சில்லாகப் பெயர்ந்து மரம் சேதமின்றி இருந்தால், அதே வார்னிஷைத் துளித்துளியாக நாள் இடைவெளியில் வைத்து நிரப்பினாலே போதும்.

2. நசுங்கினதை எழுப்புறதுன்னா எப்படி? வார்னிஷ் மேலேயே இஸ்திரிப் பெட்டியை வைக்கலாமா?

ஈரமும் சூடும் சேர்ந்தால் நாரின் சுவர்கள் இளகி, நீரை ஏற்று, பழைய வடிவத்தை நோக்கி உப்பும். இதற்குத் தடையாக நிற்பது வார்னிஷ் படலம். ஆகவே பள்ளத்துக்குள் மட்டும் மெல்லிய தையல் ஊசியால் ரேகை ஓடும் திசையில் சில துளைகள் இட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஊறவிடுங்கள். பின்பு நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை மடித்து அதன்மேல் வைத்து, இஸ்திரிப் பெட்டியின் கூர்முனையால் சில விநாடிகள் தொட்டுத் தொட்டு எடுங்கள். துணி காய்வதற்குள் பெட்டியை எடுத்துவிட வேண்டும். ஒரே முறையில் முழுதாக எழும்ப வேண்டும் என்று அவசரப்படாமல், ஆறவிட்டு மறுபடி செய்வதே நல்லது.

இதற்கு ஒரு விலை உண்டு. சூடும் ஈரமும் பட்ட இடத்தில் படலம் வெளுக்கலாம். அரக்கால் ஆன பிரெஞ்சு பாலிஷில் இது அநேகமாக நிச்சயம். அந்த இடத்துக்குப் பின்னர் மேற்பூச்சுக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்தே இறங்க வேண்டும். வெனீர் (மெல்லிய மரத்தோல்) ஒட்டிய பலகையில் இந்த முறையைக் கையாளும்முன் 18ஆம் கேள்வியைப் படியுங்கள். எழுப்பிய பிறகும் குழி எஞ்சியிருந்தால், மரம் நன்றாக உலரச் சில நாட்கள் விட்டபிறகே எபாக்ஸியைத் தொட வேண்டும்.

3. கடையில "எபாக்ஸி"ன்னு கேட்டா எம்-சீலைக் குடுக்கறாங்க. எதை வாங்கணும்?

எம்-சீலும் எபாக்ஸி வகைதான். ஆனால் அது ஒளி புகாத பசை, குழாய்க் கசிவுக்கு உரியது. நமக்கு வேண்டியது ரெசின் ஒன்று, ஹார்டனர் ஒன்று என இரண்டு திரவங்களாக வரும் நிறமற்ற வகை. எபாக்ஸிப் பசைகளில் நமக்குப் பழகிய அரால்டைட் என்ற பெயர் 1946 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அதை வெளியிட்ட சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்துக்கு இந்த வேதியியல், பியர் கஸ்தான் என்ற வேதியியலாளர் பல்செட் செய்யும் பொருளைத் தேடிய ஆய்விலிருந்து வந்து சேர்ந்தது. பல்லுக்குப் பயன்படாமல் போனது மரத்துக்கும் இரும்புக்கும் பயன்பட்டது.

நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண அரால்டைட் ஒட்டுவதில் உறுதியானது என்றாலும், தேன் நிறத்தில் சற்று மங்கலாக இறுகும். கரும்பழுப்புப் பாலிஷ் போட்ட தேக்கில் அந்த நிறம் ஒரு குறையாகத் தெரியாது. வெளிர் நிற மரத்துக்கு கிளியர் என்று குறிப்பிட்டிருக்கும் வகையை வாங்குங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் கிளியர் வகை சிறு குழிகளுக்கு வசதியானது. ஆனால் குமிழி வெளியேற அவகாசம் தராது, ஈரத்தையும் சூட்டையும் குறைவாகவே தாங்கும். சுண்டுவிரல் நுனியை விடப் பெரிய குழி என்றால், கைவினைப் பொருள் கடைகளில் விற்கும் மெதுவாக இறுகும் வார்ப்பு ரெசினையே நான் பரிந்துரைப்பேன்.

4. எங்க ஆசாரி ஃபெவிகால்ல மரத்தூளைக் குழைச்சு அடைச்சிடலாம்னு சொல்றார். மக்கு வச்சாலும் ஆகாதா?

அது பாலிஷ் போடுவதற்கு முன்னால் செய்யும் வேலை. இழைத்த, பூச்சு ஏறாத மரத்தில் மக்கு என்னும் நிரப்புப் பசையை வைத்து, தேய்த்து, அதன்மேல் நிறமும் பாலிஷும் ஏற்றினால் ஓரளவு ஒன்றிப்போகும். ஏற்கெனவே வார்னிஷ் இருக்கும் பரப்பில் மக்கு ஒளி புகாத திட்டாகவே நிற்கும். ஃபெவிகால் கலவையோ நிறத்தை ஏற்காது, காயக் காயச் சுருங்கி மறுபடி குழி விழும். வார்னிஷ் பரப்பில் நாம் காண்பது மரத்தை அல்ல, ஒளிபுகும் ஒரு படலத்தின் ஆழத்தினூடாக மரத்தைக் காண்கிறோம். அந்த ஆழத்தைத் திரும்பக் கொடுக்க ஒளிபுகும் பொருளால்தான் முடியும். எபாக்ஸியில் ஆவியாகிப் போகும் கரைப்பான் அநேகமாக இல்லாததால் அது சுருங்குவதும் மிகக் குறைவு.

பெயின்ட் அடிக்கப்போகும் கதவு என்றால் ஆசாரி சொல்வதே சரி. அதற்கு எபாக்ஸி வீண் செலவு.

5. என் மேசையில இருக்கிறது வார்னிஷா, பிரெஞ்சு பாலிஷா, பி.யூ.வான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

மேசையின் அடிப்பக்கத்திலோ காலின் உட்புறத்திலோ, கண்ணில் படாத இடத்தில் சோதிக்கலாம். பஞ்சுக்குச்சியில் ஸ்பிரிட் அல்லது மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு அரை நிமிடம் வையுங்கள். பரப்பு பிசுபிசுத்துப் பஞ்சில் பழுப்பு ஏறினால் அது அரக்கு, அதாவது பிரெஞ்சு பாலிஷ். அசையாவிட்டால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரால் அதே சோதனையைச் செய்யுங்கள். உடனே கரைந்து மறுபடி இறுகினால் என்.சி. லாக்கர், சுருங்கிக் கொப்புளம் கண்டால் பெரும்பாலும் எண்ணெய் வார்னிஷ், எதுவும் ஆகாவிட்டால் மெலமைன் அல்லது பி.யூ. (பாலியூரித்தேன்).

இதைத் தெரிந்துகொள்வது சடங்குக்காக அல்ல. குழியைச் சுத்தம் செய்ய எந்தத் திரவத்தைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பதை இது ஒன்றே முடிவு செய்கிறது. பிரெஞ்சு பாலிஷ் மேசையை ஸ்பிரிட்டால் துடைத்தால், பள்ளம் இருந்த இடத்தில் அதைவிடப் பெரிய வெளுத்த வட்டம் வந்து சேரும்.

6. குழியை எப்படித் தயார் பண்ணணும்? ஊத்தின பிறகு நிறம் எப்படி இருக்கும்னு முன்கூட்டியே தெரியுமா?

தெரியும். குழிக்குள் ஒரு துளி டர்பன்டைன் விட்டுப் பாருங்கள். அது நனைந்திருக்கும்போது தெரியும் நிறமே எபாக்ஸி இறுகிய பின்னும் தெரியும். உடைந்த வார்னிஷ் விளிம்பில் காணும் வெண்மையான நொறுங்கல் அப்போது பெரும்பாலும் மறைந்துவிடும். அந்த வெண்மை, விரிசல்களுக்குள் புகுந்த காற்று ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. திரவம் காற்றை வெளியேற்றியதும் போய்விடுகிறது. நனைந்த நிலையில் குழியின் அடி சுற்றியுள்ள மரத்தை விட வெளிறித் தெரிந்தால், அங்கே நிறம் போய்விட்டது என்று பொருள். டர்பன்டைன் முழுதும் உலர்ந்தபின், மெல்லிய தூரிகையால் மர நிறச் சாயத்தை அடிமரத்துக்கு மட்டும் தொட்டு வைத்து, சுற்றுப்புறத்தை விட இம்மியளவு வெளிறிய நிறத்தில் நிறுத்துங்கள். எபாக்ஸி அதைக் கருமையாக்கிக்கொள்ளும்.

சுத்தம் செய்வதில் முதல் எதிரி மெழுகு. அதனினும் கெட்டது ஸ்ப்ரே பாலிஷ்களில் வரும் சிலிக்கோன். சோப்பு நீரில் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்தபின் டர்பன்டைனால் இருமுறை துடைத்து, ஒவ்வொரு முறையும் புதிய துணியைப் பயன்படுத்துங்கள். ஆடும் சிராய்களையும் தூக்கி நிற்கும் வார்னிஷ் சில்லுகளையும் கூரிய கத்தி முனையால் எடுத்துவிட்டு, குழியின் உட்சுவரை 320 எண் உப்புத்தாளின் மடிந்த முனையால் லேசாகத் தேயுங்கள். பளபளப்பான வார்னிஷ் மேல் எபாக்ஸி பிடிப்பதற்கு அந்தச் சொரசொரப்பு தேவை. தேக்கின் அடிமரம் வெளித் தெரிந்தால் அதன் இயற்கை எண்ணெய் பிடிப்பைக் கெடுக்கும் என்பதால், ஊற்றுவதற்குச் சற்று முன்பு அசிட்டோன் தொட்ட பஞ்சுக்குச்சியால் அந்த மரத்தை மட்டும் துடையுங்கள். விளிம்பிலுள்ள பூச்சில் அசிட்டோன் படக் கூடாது.

7. ஹார்டனரைக் கொஞ்சம் கூடவே ஊத்தினா சீக்கிரம் காயும்தானே?

காயாது, கெடும். பெயின்ட் போல எபாக்ஸி "காய்வது" இல்லை. ரெசினும் ஹார்டனரும் ஒன்றோடொன்று வினைபுரிந்து ஒரே வலையாகப் பின்னிக்கொள்கின்றன. ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டிலிருந்தும் கணக்கான அளவு வேண்டும். மிஞ்சிய ஹார்டனர் சேர இடமின்றி உள்ளேயே தங்கி, நிரப்பலை மென்மையாகவும் பிசுக்காகவும் ஆக்கும். சீக்கிரம் இறுக வேண்டுமென்றால் இடத்தைச் சூடாக வையுங்கள். வெப்பநிலை 10 பாகை கூடினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். சித்திரை வெயில் காலத்தில் உறையில் அச்சிட்ட நேரத்தை நம்பி நிதானமாக இருந்தால் கிண்ணத்திலேயே இறுகிவிடும்.

விகிதம் கன அளவிலா எடையிலா என்பதை உறையில் பாருங்கள். ரெசின் ஹார்டனரை விடக் கனமானது என்பதால் இரண்டும் ஒன்றல்ல. ட்யூபில் வருபவற்றைச் சம நீளத்துக்குப் பிதுக்கினால் போதும்; புட்டியில் வருபவற்றுக்கு ஊசியில்லாத மருத்துவ சிரிஞ்சு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். குழி ஒரு மிளகளவே என்றாலும் ஒரு தேக்கரண்டிக்குக் குறையாமல் கலக்க வேண்டும், ஏனென்றால் அளவு சிறுத்தால் ஒரு துளிப் பிழையும் பெரிய விகிதப் பிழையாகிவிடும். கிண்ணத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்து இரண்டு நிமிடம் கலக்குங்கள். நைட்ரைல் கையுறை அணிவது கட்டாயம். ஹார்டனரிலுள்ள அமீன்கள் என்ற வேதிப்பொருள்கள் சிலருக்குத் தோல் ஒவ்வாமையைத் தரும், ஒருமுறை வந்தால் பின்னர் சிறு துளி பட்டாலும் அரிக்கும். தோலில் பட்டால் சோப்பும் தண்ணீரும் போதும், தின்னரால் கழுவக் கூடாது.

8. ஊத்தினதும் குமிழியாக் கிளம்புது. என்ன காரணம்?

குமிழி இரண்டு வழியில் வருகிறது. கலக்கும்போது அடித்துக் கலக்கினால் காற்று புகும். ரெசின் புட்டியைச் சற்று நேரம் வெந்நீரில் நிறுத்தி இளக்கிக்கொண்டு மெதுவாகக் கலக்கினால் இது பெருமளவு குறையும். இன்னொரு வழியைப் பலர் அறிவதில்லை. மரத்தின் நுண்துளைகளில் காற்று இருக்கிறது. வெப்பம் ஏறும் காலை வேளையில் அது விரிந்து வெளியேறப் பார்க்கும், வெப்பம் இறங்கும் மாலையிலோ சுருங்கி உள்ளிழுக்கும். மாலையில் ஊற்றினால் மரமே எபாக்ஸியைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். காலையில் ஊற்றியவர்கள்தான் இந்தக் கேள்வியை அதிகம் கேட்கிறார்கள்.

ஊற்றும் முறை இதுதான்: பல்குத்தும் குச்சியில் ஒரு துளி எடுத்துக் குழியின் சுவர் முழுதும் பூசி, சிறிது நேரம் ஊறவிடுங்கள். அதன்பின் ஒரு பக்கமாகத் துளித்துளியாக விட்டு, திரவம் தானே மறுபக்கம் ஓடிக் காற்றைத் தள்ளும்படி நிரப்புங்கள். மேற்பரப்பில் தேங்கிய குமிழியை ஊசியால் குத்தலாம். ஹேர் டிரையரைத் தூரத்தில் வைத்து ஓரிரு விநாடி காட்டினாலும் உடையும். கடைசியில் நிரப்பல் சுற்றுப்பரப்பை விட ஒரு தாள் கனத்துக்கு மேடாக நிற்க வேண்டும். குழியைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தால், வழிந்தது வார்னிஷ் மேல் பரவாது.

9. கதவைக் கழட்ட முடியாது. நிக்கிற நிலையிலேயே செய்யலாமா?

கீலைக் கழற்றிக் கதவைப் படுக்கவைக்க முடிந்தால் அதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். முடியாதபோது, எபாக்ஸி தேன் பதம் தாண்டிப் பாகு பதத்துக்கு வரும்வரை காத்திருந்து குழியில் அடைத்து, அதன்மேல் பார்சல் ஒட்டும் வழுவழுப்பான டேப்பின் பசையற்ற பக்கம் எபாக்ஸியில் படும்படி ஒரு துண்டை அழுத்தி, அதைச் சுற்றிலும் வேறு டேப்பால் இறுக்குங்கள். அந்த டேப் பாலிபுரோப்பிலீனால் ஆனது. எபாக்ஸி அதில் ஒட்டாது. பால் பாக்கெட் உறையும் அதே காரணத்தால் ஒட்டாது, ஆனால் அது சுருக்கம் விழுந்து பரப்பை அலையாக்கும். மறுநாள் டேப்பை உரித்தால் நிரப்பல் ஏறக்குறைய மட்டமாகவே இருக்கும்.

10. இறுகின பிறகு மேடா நிக்குது. சுத்தி இருக்கிற வார்னிஷைக் கெடுக்காம எப்படி மட்டம் பண்றது?

பொறுமை கேட்கும் கட்டம் இதுதான். வேகமாக இறுகும் வகையானாலும் ஒரு நாள், மெதுவான வகையானால் மூன்று நாள் விடுங்கள். நகத்தால் அழுத்தினால் தடம் விழக் கூடாது.

சவரப் பிளேடு ஒன்றை எடுத்து, அதன் கூர்விளிம்பின் இரு கோடிகளிலும் செல்லோ டேப் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நடுவில் ஒரு விரலகல இடம் மட்டும் வெறுமையாக இருக்கும். அதைக் கிட்டத்தட்டச் செங்குத்தாகப் பிடித்து, இரு பெருவிரல்களால் லேசாக வளைத்து, நிரப்பலின் மேல் உங்களை நோக்கி இழுங்கள். டேப் சுற்றிய கோடிகள் வார்னிஷ் மேல் சறுக்கும், நடுப்பகுதி எபாக்ஸியை மட்டும் சுரண்டும். வார்னிஷ் பரப்புக்கு மேல் டேப்பின் கனம் இருக்கும் உயரத்தைத் தாண்டிக் கீழிறங்க அதனால் முடியாது. சரியாக இறுகியிருந்தால் மெழுகுச் சீவல் போல மெல்லிய சுருள்கள் வரும். சுருளாமல் பிளேடில் அப்பிக்கொண்டால் இன்னும் ஒரு நாள் விடுங்கள். சுருள் வருவது நின்றதும், எஞ்சியிருப்பது விரல் நுனிக்கு மட்டுமே தெரியும் மேடு.

அதை 600 எண் வாட்டர் பேப்பரால் எடுக்க வேண்டும். பேப்பரைப் பென்சில் அழிக்கும் ரப்பரில் சுற்றி, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். விரலால் அழுத்தித் தேய்த்தால் நடுவில் பள்ளம் விழும். அடிக்கடி துடைத்து, 6 அங்குல எஃகு ஸ்கேலின் விளிம்பை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். மட்டம் வந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். வார்னிஷ் படலம் மிக மெல்லியது. நிறம் வெளுக்கத் தொடங்கினால் மரத்தைத் தொட்டுவிட்டீர்கள் என்று பொருள். பிரெஞ்சு பாலிஷ் பரப்பில் தண்ணீருக்குப் பதில் டர்பன்டைனைத் தொட்டுக்கொள்வது பாதுகாப்பானது.

11. மட்டம் வந்துடுச்சு, ஆனா அந்த இடம் மட்டும் மங்கலா இருக்கு.

600க்குப் பிறகு 1000, 1500, 2000 என்று ஏறி, காருக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்டால் மெருகேற்றினால் பளபளப்பு வந்துவிடும். காம்பவுண்டின் வெள்ளைத் தூள் தேக்கின் ரேகைத் துளைகளில் தங்கிக் காய்ந்தால் எடுப்பது சிரமம். ஈரம் இருக்கும்போதே மென்மையான பிரஷால் தட்டி எடுத்துவிடுங்கள். சுற்றியுள்ள பரப்பு மினுக்கம் குறைந்த வகை என்றால் 1000 எண்ணோடு நிறுத்தி, மிக மெல்லிய ஸ்டீல் உல்லால் ரேகையின் திசையிலேயே தேய்த்து ஒப்பாக்குங்கள்.

ஒரே ஒரு சதுர அங்குலத்தை ஒப்பாக்குவதை விட, அந்தப் பலகை முழுவதையும் ஒரே மினுக்கத்துக்குக் கொண்டுவருவது பலநேரம் எளிது. கண் நிறத்தை மன்னிக்கும், மினுக்க வேறுபாட்டை மன்னிக்காது.

12. மூணு நாளாச்சு, இன்னும் பிசுபிசுன்னு இருக்கு.

தொட்டால் மெழுகு தடவியது போல மேலே மட்டும் வழுக்குகிறதா, அல்லது உள்ளேயே நெகிழ்கிறதா என்று பாருங்கள். மேலே மட்டும் என்றால், ஹார்டனரின் அமீன் காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாக்கும் படலம் அது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் சாதாரணமாக வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தாலே போய்விடும். துடைக்காமல் உப்புத்தாள் போட்டால் தாள்தான் அடைபடும்.

உள்ளேயே நெகிழ்ந்தால் கலவை விகிதம் தவறியது அல்லது சரியாகக் கலக்கவில்லை. காத்திருப்பதில் பயனில்லை, மேலே புதிதாக ஊற்றுவதிலும் பயனில்லை. முழுவதையும் சுரண்டி எடுத்து, 5ஆம் கேள்வியின் சோதனைப்படி அந்தப் பூச்சைக் கரைக்காத திரவத்தால் குழியைத் துடைத்து, மறுபடி தொடங்க வேண்டும்.

13. எபாக்ஸியிலேயே நிறம் கலந்துடலாமா? மரத்தூள் கலந்தா இயல்பா இருக்கும்ல?

மரத்தூள் கலந்தால் எதிர்பார்ப்பதை விட மிகக் கருத்துப்போகும். தூளின் ஒவ்வொரு துகளும் எபாக்ஸியில் முழுதாக நனைந்துவிடுவதே காரணம். அதோடு ஒளிபுகும் தன்மையும் போய்விடும். நிறம் அவசியம் என்றால் காவி, அம்பர் போன்ற உலர்ந்த மண் நிறப்பொடியில் குச்சி முனையில் ஒட்டும் அளவே போதும். நீரில் கரைத்த சாயம் எதையும் சேர்க்கக் கூடாது.

ஆழமான குழிக்கு எனக்குப் பிடித்த முறை அடுக்கடுக்காக நிரப்புவது. அடியில் நிறம் கலந்த ஓர் அடுக்கு ஊற்றி அது பாதி இறுகியதும், மெல்லிய தூரிகையால் பக்கத்து ரேகைகளை அதன்மேல் நீட்டி வரைந்து, அது உலர்ந்தபின் நிறமற்ற எபாக்ஸியால் மூடுவது. வரைந்த ரேகை படலத்துக்கு அடியில் இருப்பதால், எந்தக் கோணத்தில் பார்த்தாலும் மரத்திலேயே இருப்பதாகத் தோன்றும்.

14. இவ்வளவு பாடு எதுக்கு? ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டா ஆகாதா?

குண்டூசித் தலையளவு சில்லுக்கும் மெல்லிய கீறலுக்கும் ஆகும். நிற்கும் பரப்பில் அது எபாக்ஸியை விட வசதியும்கூட. ஆனால் அதன் ஆவி படிந்து சுற்றிலும் வெள்ளைப் பூச்சு விழும், கனமாக விட்டால் நுரைத்து வெளுக்கும், இறுகியபின் கண்ணாடி போல நொறுங்கும் தன்மையும் உண்டு. அரிசி மணியை விடப் பெரிய குழி என்றால் எபாக்ஸிதான்.

15. சாப்பாட்டு மேசையில செஞ்சா சூடான பாத்திரம் தாங்குமா?

தாங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அறை வெப்பத்தில் இறுகும் எபாக்ஸிகள் பெரும்பாலும் 50 முதல் 60 பாகை செல்சியசிலேயே இளகத் தொடங்குகின்றன. அடுப்பிலிருந்து இறக்கிய குழம்புச் சட்டி அதைவிடப் பன்மடங்கு கொடுமையானது. காப்பி டம்ளர்கூட வட்டத் தடம் பதிக்கலாம். பிரிமணை வைத்துப் புழங்கும் வீடு என்றால் கவலையில்லை. உணவு நேரடியாகப் படும் சப்பாத்திக் கட்டை, காய் நறுக்கும் பலகை ஆகியவற்றில் இந்த வேலையே வேண்டாம். கத்தி பட்டுப் பெயரும் துணுக்கு உணவில் சேரும்.

16. வாசற்கதவுல வெயில் நேரா விழுது. மஞ்சளாயிடுமா?

ஆகும். வெயிலின் புற ஊதாக் கதிர் எபாக்ஸியைப் பழுப்பாக்கி, நாளடைவில் மேற்பரப்பைச் சுண்ணாம்பு போலப் பொடியாக்கும். "மஞ்சளாகாது" என்று உறையில் அச்சிட்டிருந்தாலும் அது மெதுவாக ஆகும் என்றே கொள்ள வேண்டும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வெளிப்புற பி.யூ. அல்லது வெளிப்புற வார்னிஷை மேலே இரண்டு மூன்று கைப் பூசி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தால் நிரப்பல் நிலைக்கும். தேக்கு நிறத்தின் நடுவில் இலேசான மஞ்சள் பெரிய குறையல்ல. வெளிறிய மரத்தில்தான் அது கண்ணை உறுத்தும்.

17. எபாக்ஸி மேல வார்னிஷ் அடிச்சேன். சுத்திலும் காஞ்சுது, அந்த இடம் மட்டும் காயவே இல்ல.

எண்ணெய் சார்ந்த வார்னிஷ் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுவது. எபாக்ஸியின் பரப்பில் மிஞ்சிய அமீன் அந்த வினையைத் தடுத்துவிடும். ஈரத் துணியால் துடைக்காமல் விட்டதோ, எபாக்ஸி முழுதாக இறுகும்முன் பூசியதோ, ஹார்டனர் மிஞ்சியதோ காரணமாக இருக்கும் (7, 12ஆம் கேள்விகள்). காயாத வார்னிஷை டர்பன்டைனால் துடைத்தெடுத்து, ஒரு வாரம் விட்டு, தண்ணீரால் கழுவி, 400 எண் தாளால் தேய்த்துப் பூசுங்கள். இரு பகுதியாக வரும் பி.யூ.வுக்கு இந்தச் சிக்கல் பொதுவாக வருவதில்லை.

18. எங்க அலமாரி டீக் ப்ளை. அதுக்கும் இதே முறைதானா?

ப்ளையின் மேலுள்ள தேக்கு அரை மில்லிமீட்டர் அளவே இருக்கும். ஆவி கொடுத்து எழுப்பினால் அடியிலுள்ள பசை இளகி வெனீர் கொப்புளிக்கலாம், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையானால் நீர் பட்ட இடம் உப்பி, திரும்பவே திரும்பாது. ஆகவே வெனீரில் நசுங்கலையும் நேரடியாக எபாக்ஸியால் நிரப்புவதே என் முடிவு. ரேகை அறுபடாமல் அடியில் இருப்பதால் நிரப்பல் மிக நன்றாகவே அமையும். 10ஆம் கேள்வியில் சொன்ன பிளேடை மட்டும் இருமடங்கு கவனத்தோடு பிடியுங்கள். அதுவே சன்மைக்கா ஒட்டிய பலகை என்றால் அங்கே மரமும் இல்லை, வார்னிஷும் இல்லை. இங்கே சொன்ன முறைகள் அதற்குப் பொருந்தா.

19. தாத்தா காலத்து பர்மா தேக்குப் பெட்டி இருக்கு. வீட்டில ஒரு வீணையும் இருக்கு. அதுங்களுக்குச் செய்யலாமா?

இரண்டுக்கும் எபாக்ஸி வேண்டாம் என்பதே என் கருத்து. எபாக்ஸி எந்தக் கரைப்பானிலும் எளிதில் கரையாது. ஊற்றிவிட்டால் பின்னால் வருபவர் எடுக்க நினைத்தாலும் மரத்தைச் சேர்த்தே எடுக்க வேண்டிவரும். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வெளிவரும் பழைய பர்மா தேக்குச் சாமான்களுக்கு அவற்றின் பழைய பாலிஷும் மதிப்பில் ஒரு பகுதி. அவற்றை அரக்குக் குச்சியை உருக்கியோ, நிறம் சேர்த்த கெட்டி மெழுகாலோ நிரப்பலாம். பிடிக்காவிட்டால் சேதமின்றி எடுத்துவிடவும் முடியும்.

தஞ்சாவூர் வீணையின் குடம் பலாமரத்தைக் குடைந்து செய்வது. அதில் பள்ளம் விழுந்திருந்தால் உள்ளே விரிசலும் இருக்கக்கூடும், அது நாதத்தைப் பாதிக்கும். விரிசலைத் திறந்து பார்க்க வேண்டிய வேலையில், மேலே இறுகிய எபாக்ஸி இருந்தால் வீணை செய்பவரின் கை கட்டப்பட்டதாகிவிடும். அவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

20. ஏற்கெனவே யாரோ ஊத்தி அசிங்கமா வச்சிருக்காங்க. எடுக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும், நிதானமாக. 15ஆம் கேள்வியில் குறையாகச் சொன்ன சூடு தாங்காத தன்மை இங்கே கைகொடுக்கும். சால்டரிங் அயர்னின் முனையை நிரப்பலின் நடுவில் மட்டும் சில விநாடி வைத்து, ரப்பர் பதத்துக்கு வந்ததும் சிறு உளியின் முனையால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கெல்லி எடுங்கள். புகை வந்தால் சூடு மிஞ்சிவிட்டது. சன்னலைத் திறந்துவைத்து, முனையை ஆறவிட்டுத் தொடருங்கள். வார்னிஷ் விளிம்பை ஒட்டிய கடைசி மெல்லிய வளையத்துக்குச் சூடு காட்டக் கூடாது. அதை அப்படியே விட்டு, 320 எண் தாளால் உரசிச் சொரசொரப்பாக்கி, புதிய எபாக்ஸியை அதன்மேலேயே நிரப்பலாம். பழைய எபாக்ஸி மஞ்சளாகாமல் தெளிவாகவே இருந்தால் இரண்டுக்கும் இடைப்பட்ட கோடு அநேகமாகத் தெரியாது.